ஒரு நாட்டின் வாகனங்களுக்கு வயது என்ன? சுற்றுச்சூழல் குறிகாட்டியாகக் கணக்கிடும் முறை

ஒரு நாட்டின் வாகனங்களுடைய சராசரி வயதைக் கண்டுபிடிப்பது பார்வைக்கு எளிய வேலை. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு வண்டியின் வயதையும் கூட்டி, வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் எண் வந்துவிடும். பதிவேட்டில் இருப்பவற்றில் எத்தனை வண்டிகள் உண்மையில் ஓடுகின்றன, ஓடுபவை ஆண்டுக்கு எவ்வளவு தூரம் ஓடுகின்றன, அவை எந்தக் காலத்துப் புகை விதிகளின் கீழ் செய்யப்பட்டவை என்ற மூன்றையும் விசாரிக்காமல் வெளியிடப்படும் அந்த எண், காற்றின் தூய்மையைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. ஆகவே இந்த வழிகாட்டியில் வகுத்தல் கணக்குக்குக் கொஞ்ச இடமும், அதற்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டிய முடிவுகளுக்கு நிறைய இடமும் ஒதுக்கியிருக்கிறேன்.

வயதை ஏன் அளக்கிறோம்

புகை விதிகள் பொதுவாகப் புதிய வாகனங்களுக்கே பொருந்தும். ஏற்கெனவே விற்றுப்போன வண்டியைப் புதிய விதிக்கு ஏற்ப மாற்றச் சொல்வது அரிது. எனவே எந்த நாட்டின் வாகனத் திரளும், பல காலத்து விதிகள் படிவுகளாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் அடுக்கைப் போன்றது. ஐரோப்பாவில் பயணிகள் கார்களுக்கான யூரோ 1 விதி 1992-இல் நடைமுறைக்கு வந்தது. பெட்ரோல் கார்களில் வினையூக்கி மாற்றி (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கருவி) பொதுவானது அதன் பிறகுதான். தொடர்ந்து 1996-இல் யூரோ 2, 2000-இல் யூரோ 3, 2005-இல் யூரோ 4, 2009-இல் யூரோ 5, 2014-இல் யூரோ 6 என்று புதிய மாதிரிகளுக்கான வரம்புகள் இறுகிக்கொண்டே வந்தன. டீசல் காருக்கு யூரோ 3 அனுமதித்த நைட்ரஜன் ஆக்சைடு அளவு கிலோமீட்டருக்கு 0.50 கிராம், யூரோ 6 அனுமதிப்பது 0.08 கிராம். இதற்கு மேல், எந்த வண்டியும் பழகப் பழக அதன் வினையூக்கி மாற்றி திறன் இழக்கிறது, உணரிகள் பழுதாகின்றன, எஞ்சின் எண்ணெயைக் குடிக்கத் தொடங்குகிறது. வயது ஏற ஏற மாசு கூடும் என்ற எதிர்பார்ப்புக்கு இந்த இரண்டுமே காரணம்.

கரியமில வாயுவுக்கு இதே தர்க்கத்தை அப்படியே பொருத்திவிடக் கூடாது. அது எரியும் எரிபொருளின் அளவைப் பொறுத்தது; எரிபொருளின் அளவு வண்டியின் எடையையும் எஞ்சின் திறனையும் பொறுத்தது. பதினைந்து வயதான சிறிய காரைவிட நேற்று வாங்கிய கனத்த கார் கூடுதல் எரிபொருளைக் குடிக்கலாம். வயதுக் குறிகாட்டியை நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன்கள், நுண்துகள்கள் ஆகியவற்றுக்கான மறைமுக அளவாக வைத்துக்கொள்வதே நேர்மை.

எந்த வண்டிகளை எண்ணுவது

கார், இருசக்கர வாகனம், இலகு சரக்கு வாகனம், கனரக லாரி, பேருந்து ஆகியவற்றை ஒரே கூடையில் போட்டு ஒரு சராசரி எடுத்தால், எண்ணிக்கையில் மிகுந்த வகை மற்றவற்றை விழுங்கிவிடும். இருசக்கர வாகனங்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில், பழைய லாரிகள் எவ்வளவு மோசமான நிலையில் இருந்தாலும் அது மொத்தச் சராசரியில் தெரியாது. ஆனால் ஒரு கனரக லாரி ஓராண்டில் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு, ஒரு மோட்டார் சைக்கிள் வெளியிடுவதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனிக் கணக்கு வேண்டும். வகைக்குள்ளும் பெட்ரோல், டீசல், எரிவாயு, மின்சாரம் என்று எரிபொருள்வாரியாகப் பிரிக்க முடிந்தால் பிரிக்க வேண்டும். இழுவை எஞ்சின் இல்லாத டிரெய்லர்கள் பல பதிவேடுகளில் வாகனங்களாகவே பதிவாகியிருக்கும்; அவற்றை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் 30 ஆண்டுகளைக் கடந்து, பழமை மாறாமல் பேணப்படும் வண்டிகள் வரலாற்று வாகனங்கள் என்று தனியாக வகைப்படுத்தப்படுகின்றன. விழா நாட்களில் மட்டும் வெளியே வரும் இவற்றையும் தனியே எண்ணுவது நல்லது.

வயது எங்கிருந்து தொடங்குகிறது

ஒரு வண்டிக்கு மூன்று பிறந்தநாள்கள் இருக்கலாம்: தயாரிக்கப்பட்ட நாள், உலகில் எங்காவது முதன்முதலாகப் பதிவான நாள், இந்த நாட்டில் முதன்முதலாகப் பதிவான நாள். புதிய வண்டிகள் மட்டுமே விற்கப்படும் நாட்டில் மூன்றுக்கும் இடையே சில மாத வேறுபாடுதான் இருக்கும். பயன்படுத்திய வண்டிகளை இறக்குமதி செய்யும் நாட்டில் இந்த வேறுபாடு கணக்கையே கவிழ்த்துவிடும். பன்னிரண்டு ஆண்டுகள் வேறு நாட்டில் ஓடிய கார் இன்று துறைமுகத்தில் இறங்கி நாளை பதிவானால், மூன்றாவது நாளை அடிப்படையாகக் கொண்ட கணக்கில் அது பச்சிளம் குழந்தை. 2015 முதல் 2018 வரை ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா ஆகியவற்றிலிருந்து சுமார் 1.4 கோடி பயன்படுத்திய இலகு வாகனங்கள் ஏற்றுமதியாயின என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. அவற்றில் சுமார் 40 விழுக்காடு ஆப்பிரிக்காவுக்குச் சென்றன. அந்தப் பாய்ச்சலைப் பெறும் நாடுகளில் எந்தப் பிறந்தநாளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது சிறிய விஷயமாக இருக்க முடியாது.

தயாரிப்பு ஆண்டு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையேல் உலகளாவிய முதல் பதிவு நாளைக் கொள்ளுங்கள். இரண்டும் இல்லாத பதிவுகளுக்குச் சேசிஸ் எண் சில வேளைகளில் கைகொடுக்கும். பதினேழு எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில், வட அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட வண்டிகளுக்குப் பத்தாவது எழுத்து மாதிரி ஆண்டைக் குறிக்கும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் எல்லோரும் இந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை என்பதால், இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா வண்டிகளுக்கும் பொருத்தக் கூடாது. மாதிரி ஆண்டு, நாட்காட்டி ஆண்டைவிட முந்திச் செல்லக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். வயது மைனஸில் வரும் வண்டிகள் உங்கள் அட்டவணையில் தென்பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மறுமுனையில், நூறு வயதைத் தாண்டிய வண்டிகள் கூட்டமாகத் தென்பட்டால், நாள் தெரியாத இடத்தில் கணினி தானாக நிரப்பிய 1900 ஜனவரி 1-தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

அடுத்து, கணக்கு நாள். டிசம்பர் 31 அல்லது ஜனவரி 1 என்று ஒன்றை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். நாளும் மாதமும் தெரியாமல் தயாரிப்பு ஆண்டு மட்டும் தெரிந்தால், ஆண்டிறுதிக் கணக்கில் ஆண்டுகளைக் கழித்து வரும் விடையுடன் அரை ஆண்டைக் கூட்டுங்கள். ஒரே ஆண்டில் பிறந்த வண்டிகள் ஜனவரி முதல் டிசம்பர் வரை பரவியிருப்பதால், ஆண்டிறுதியில் அவற்றின் சராசரி வயது பூஜ்யமாக இராது. அரை ஆண்டாக இருக்கும். ஒரு நாடு இந்த அரையைக் கூட்டி, மற்றொன்று கூட்டாமல் விட்டால், இரண்டையும் ஒப்பிடும்போது இல்லாத வேறுபாடு முளைக்கும். சராசரி வயது பொதுவாக ஆண்டுக்கு 0.1 அல்லது 0.2 போன்ற சிறிய அளவே நகர்வதால், அரை ஆண்டுப் பிழை என்பது பல ஆண்டுகளின் மாற்றத்தை மறைக்கப் போதுமானது.

பதிவேட்டில் உயிரோடு, சாலையில் இல்லை

இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான். பிறப்பைப் பதிவு செய்யாமல் வண்டியை ஓட்ட முடியாது. இறப்பைப் பதிவு செய்யாமல் விட்டுவிடலாம். உடைத்துப் பாகம் பாகமாக விற்கப்பட்ட வண்டி, எல்லை தாண்டிப் போன வண்டி, கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டி எல்லாம் பதிவேட்டில் ஆண்டுதோறும் ஒரு வயது கூடிக்கொண்டே இருக்கும். பதிவை நீக்கக் கட்டணமோ அலைச்சலோ இருந்தால், அல்லது நீக்குவதால் உரிமையாளருக்கு எந்தப் பயனும் இல்லையென்றால், இந்த ஆவி வண்டிகள் பெருகும்.

இது சிறிய பிழையாக இராது என்பதற்கு ஜெர்மனி நல்ல எடுத்துக்காட்டு. தற்காலிகமாக ஓட்டத்திலிருந்து நிறுத்தப்பட்ட வண்டிகளை 2008 ஜனவரி 1 முதல் அந்நாடு எண்ணிக்கையில் சேர்ப்பதை விட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 4.66 கோடியாக இருந்த கார்களின் எண்ணிக்கை, ஒரே ஆண்டில் சுமார் 4.12 கோடியாக இறங்கியது. சாலையில் எதுவும் மாறவில்லை. எண்ணும் விதி மட்டுமே மாறியது. சிறந்த பதிவேடு உள்ள நாட்டிலேயே இப்படியென்றால், நீக்கம் முறையாக நடக்காத நாடுகளில் எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆவி வண்டிகளைக் கண்டுபிடிக்க முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு பதிவையும் வண்டி உயிரோடு இருப்பதற்கான வேறொரு சான்றுடன் இணைத்துப் பார்ப்பது. நடப்புக் காப்பீடு, செலுத்திய சாலை வரி, அண்மையில் பெற்ற தகுதிச் சான்று ஆகிய மூன்றில் ஒன்றாவது கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இருந்தால் அது ஓடும் வண்டி என்று கொள்ளலாம். சாலை வரியை வாங்கும்போதே வாழ்நாள் முழுமைக்கும் செலுத்திவிடும் முறை உள்ள இடங்களில் வரிச் சான்று பயன்படாது. காப்பீடு இல்லாமலே வண்டி ஓட்டுவோர் நிறைந்த இடங்களில் காப்பீட்டை மட்டும் நம்பினால், உண்மையில் ஓடும் பழைய வண்டிகளையும் சேர்த்துக் கழித்துவிடுவோம். அவைதாம் அதிகம் புகை விடுபவை என்பதால் இந்தப் பிழை எதிர்த்திசையில் ஏமாற்றும்.

இணைத்துப் பார்க்கத் தரவு இல்லையென்றால், பிழைப்பு வளைவை வரைந்து பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பதிவான வண்டிகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, அவற்றில் இன்றும் பதிவேட்டில் இருப்பவை எத்தனை விழுக்காடு என்று வயதுவாரியாகக் குறிக்க வேண்டும். இயல்பான திரளில் இந்த வளைவு முதல் சில ஆண்டுகள் ஏறத்தாழக் கிடையாகச் சென்று, பிறகு செங்குத்தாக இறங்கி, கடைசியில் மெல்லிய வாலாக முடியும்; புள்ளியியலார் இதற்கு, பொருள்களின் ஆயுளைக் கணிக்கப் பயன்படும் வெய்புல் பரவல் என்ற சூத்திரத்தைப் பொருத்துவது வழக்கம். உங்கள் வளைவு இருபது வயதைக் கடந்த பிறகும் உயரத்திலேயே நின்றால், நிற்பவை வண்டிகள் அல்ல, காகிதங்கள். நம்பகமான பதிவேடு கொண்ட, வருமானமும் சாலை நிலையும் ஒத்த வேறொரு நாட்டின் வளைவைக் கொண்டு திருத்தலாம். ஆனால் பணக்கார நாட்டின் வளைவை ஏழை நாட்டுக்குப் பொருத்தக் கூடாது. பழுதுபார்க்கும் கூலி குறைந்த இடங்களில் வண்டிகள் உண்மையிலேயே நீண்ட நாள் வாழ்கின்றன.

கணக்கு

இப்போது ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பதிவேட்டில் 10 லட்சம் கார்கள். ஐந்து வயதுக்குட்பட்டவை 2,50,000. ஐந்து முதல் பத்து வரை 2,50,000. பத்து முதல் பதினைந்து வரை 2,00,000. பதினைந்து முதல் இருபது வரை 1,50,000. இருபதுக்கு மேற்பட்டவை 1,50,000. ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் நடுவயதைக் கொள்ள வேண்டும்: 2.5, 7.5, 12.5, 17.5. கடைசிப் பிரிவுக்கு மேல் எல்லை இல்லாததால் நடுவயதை நாம்தான் ஊகிக்க வேண்டும். 22.5 என்று வைத்தால் சராசரி 11.0 ஆண்டுகள், 28 என்று வைத்தால் 11.8 ஆண்டுகள். ஒரே தரவு, ஓர் ஊகம், ஏறத்தாழப் பத்து மாத வேறுபாடு. வாய்ப்பிருக்கும்போதெல்லாம் ஒவ்வோர் ஆண்டாகப் பிரித்த தரவையே கேட்டு வாங்குங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்து, இருபது வயதைக் கடந்த 1,50,000 கார்களில் 1,00,000 கார்களுக்குப் பல ஆண்டுகளாகக் காப்பீடும் தகுதிச் சான்றும் இல்லை என்று தெரிய வந்து அவற்றை நீக்குகிறோம் என்க. மீதமுள்ள 9 லட்சம் கார்களின் சராசரி வயது, கடைசிப் பிரிவுக்கு 22.5 என்ற ஊகத்துடன், 9.7 ஆண்டுகள். இரண்டு முடிவுகளை மாற்றியதில் 11.8 என்பது 9.7 ஆகிவிட்டது.

சராசரியுடன் இடைநிலை வயதையும் எப்போதும் கணக்கிடுங்கள். அதாவது வண்டிகளை வயது வரிசையில் நிறுத்தினால் சரிபாதியில் நிற்கும் வண்டியின் வயது. மேற்கண்ட நாட்டில் நீக்கத்துக்கு முன் அது 10.0. கடைசிப் பிரிவின் நடுவயதை 22.5 என்று வைத்தாலும் 28 என்று வைத்தாலும் அது அசையாது. நீக்கத்துக்குப் பின் 9.0 ஆகிறது. ஆவி வண்டிகளால் இடைநிலையும் பாதிக்கப்படும் என்றாலும், மேல் எல்லை இல்லாத பிரிவின் தொல்லை அதற்கு இல்லை. சராசரிக்கும் இடைநிலைக்கும் இடையே பெரிய இடைவெளி தென்பட்டால், மிகப் பழைய வண்டிகளின் வால் நீண்டிருக்கிறது என்று பொருள். அந்த வால் உண்மையா, காகிதமா என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஓடிய தூரத்தால் எடையிடுதல்

நிற்கும் வண்டி புகை விடுவதில்லை. பொதுவாகப் புதிய வண்டிகள் அதிகம் ஓடுகின்றன. வயதாக ஆக ஆண்டு ஓட்டம் குறைகிறது. ஆகவே காற்றில் கலக்கும் மாசைப் பற்றிப் பேச விரும்புபவர், ஒவ்வொரு பிரிவின் வயதையும் அப்பிரிவு ஓடிய மொத்தக் கிலோமீட்டரால் எடையிட்டு இன்னொரு சராசரி எடுக்க வேண்டும். நம் கற்பனை நாட்டில் ஐந்து பிரிவுகளும் ஆண்டுக்கு முறையே 15,000, 13,000, 10,000, 7,000, 4,000 கிலோமீட்டர் ஓடுகின்றன என்றால், நீக்கத்துக்குப் பின் ஓட்டத்தால் எடையிட்ட சராசரி வயது ஏறத்தாழ 8.0 ஆண்டுகள். எண்ணிக்கையால் மட்டும் பார்த்த திரளுக்கு 9.7, சாலையில் எதிர்ப்படும் திரளுக்கு 8.0.

இதற்கான தரவு, தகுதிச் சோதனையின்போது குறிக்கப்படும் ஓடோமீட்டர் எண்ணிலிருந்து கிடைக்கும். அடுத்தடுத்த இரு சோதனைகளின் எண்களைக் கழித்து, இடைப்பட்ட நாட்களுக்கு ஏற்ப ஓராண்டுக்கு மாற்றினால் போதும். கழித்தால் மைனஸ் வரும் வண்டிகளில் ஓடோமீட்டர் பின்னோக்கித் திருப்பப்பட்டிருக்கலாம். அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். வாடகைக் கார்கள், பேருந்துகள், தொலைதூர லாரிகள் ஆகியவற்றுக்கு இந்த எடையிடுதல் மிக முக்கியம், ஏனெனில் அவற்றில் ஒரு வண்டியின் ஓட்டத்துக்கும் இன்னொன்றின் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

வயதிலிருந்து புகை விதிக்கு

வயதை மட்டும் சொல்லி நிறுத்துவது பாதி வழியில் இறங்குவது போன்றது. எட்டு வயது என்பது ஒரு நாட்டில் யூரோ 6-ஆகவும் இன்னொரு நாட்டில் யூரோ 2-ஆகவும் இருக்கலாம், ஏனெனில் விதிகள் நடைமுறைக்கு வந்த ஆண்டுகள் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியா 2020 ஏப்ரலில் பாரத் 4-லிருந்து நடுவிலுள்ள ஐந்தாம் படியைத் தாண்டி நேராகப் பாரத் 6-க்குச் சென்றது. அங்கே அந்த நாளுக்கு இருபுறமும் பிறந்த இரு வண்டிகளுக்கு வயது வேறுபாடு ஒரு மாதம், புகை வரம்பில் இரண்டு படி. ஆகவே உங்கள் நாட்டின் விதி வரலாற்றை வயதுப் பரவலின் மேல் வைத்து, எத்தனை விழுக்காடு வண்டிகள் எந்த விதிக்குக் கீழ் வருகின்றன என்ற அட்டவணையை உடன் வெளியிடுங்கள். வண்டி இறக்குமதியானதாக இருந்தால், அது முதலில் விற்கப்பட்ட நாட்டின் விதியே பொருந்தும். அங்கே வைத்த வினையூக்கி மாற்றி வழியில் கழற்றப்பட்டிருந்தால் அதுவும் பொருந்தாது. இதை எந்தப் பதிவேடும் காட்டாது.

விதியின் பெயரையும் முழுமையாக நம்பிவிட முடியாது. 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் மோசடி வெளிப்பட்ட பிறகு, பல நிறுவனங்களின் டீசல் கார்கள் ஆய்வகத்தில் காட்டிய அளவைவிடச் சாலையில் பன்மடங்கு நைட்ரஜன் ஆக்சைடை வெளியிட்டன என்று தெளிவாயிற்று. யூரோ 3 முதல் யூரோ 5 வரை வரம்புகள் இறுகியபோதும் டீசல் கார்கள் சாலையில் விட்ட நைட்ரஜன் ஆக்சைடு அதற்கேற்பக் குறையவில்லை. எனவே டீசல் மிகுந்த திரளில் வயது குறைவது காற்று தூய்மையாவதற்கு உறுதியான அறிகுறி அன்று. மின்சார வாகனங்களுக்கு வந்தால் இந்தத் தொடர்பு முற்றாக அறுகிறது. பத்து வயதான மின்சாரக் காருக்கும் புகைக்குழாய் கிடையாது. அவற்றைத் தனி வரியில் வைத்து, எஞ்சின் வண்டிகளின் வயதை மட்டும் குறிகாட்டியாகக் காட்டுவதே சரி. இல்லையேல், புதிய மின்சார வண்டிகளின் பெருக்கம் மொத்தச் சராசரியைக் குறைத்து, பழைய டீசல் வண்டிகள் அப்படியே ஓடிக்கொண்டிருப்பதை மறைத்துவிடும்.

மாற்றத்தைப் படித்தல்

சராசரி வயது கூடியது என்றால் வண்டிகள் நீண்ட நாள் உழைக்கின்றன என்று மட்டும் பொருள்கொள்ளக் கூடாது. புதிய விற்பனை சரிந்தாலும் அது கூடும். பொருளாதாரம் தேங்கும்போது இது நிகழ்கிறது. விற்பனை பெருகினால், ஒரு பழைய வண்டிகூட விலகாமலே அது குறையும். இரண்டாவது நிலையில் சராசரி அழகாகத் தெரிந்தாலும் மொத்தப் புகை கூடியிருக்கலாம். ஆகவே சராசரிக்குப் பக்கத்தில் மொத்த எண்ணிக்கை, ஆண்டில் சேர்ந்தவை, ஆண்டில் விலகியவை ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். பதினைந்து வயதைக் கடந்த வண்டிகளின் எண்ணிக்கையையும், விழுக்காட்டை மட்டும் தராமல், அப்படியே தர வேண்டும்.

விலகியவை எங்கே போயின என்பதும் கேள்விக்குரியது. 2009-இல் ஜெர்மனி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரை உடைக்கக் கொடுத்துப் புதிய கார் வாங்குவோருக்கு 2,500 யூரோ வழங்கியது. அதே ஆண்டு அமெரிக்கா நடத்திய திட்டத்தில், ஒப்படைக்கப்பட்ட காரின் எஞ்சினில் எண்ணெய்க்குப் பதில் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டு, இனி ஒருபோதும் இயங்காதபடி கெட்டிப்படுத்த வேண்டும் என்பது விதி. முரட்டுத்தனமாகத் தோன்றினாலும், குறிகாட்டியை அளப்பவரின் கோணத்தில் இதைவிட உறுதியான இறப்புச் சான்று வேறில்லை. உடைக்கப்படாமல் ஏற்றுமதியான வண்டி, ஏற்றுமதி செய்த நாட்டின் சராசரியைக் குறைத்து, அதே புகையை வேறொரு நாட்டின் காற்றில் சேர்க்கிறது. நிலை அப்படியிருந்தால், விலகியவற்றை உடைக்கப்பட்டவை, ஏற்றுமதியானவை, எங்கே போயின என்று தெரியாதவை என்று மூன்றாகப் பிரித்துத் தருவது நலம். மூன்றாவது பகுதி பெரிதாக இருப்பதைக் கண்டு அதை மற்ற இரண்டுக்குள் திணிக்க வேண்டியதில்லை.

வெளியிடும்போது

எண்ணுக்குக் கீழே, எந்த நாளுக்கான கணக்கு, எந்த வகை வண்டிகள், வயது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, அரை ஆண்டு கூட்டப்பட்டதா, கடைசிப் பிரிவின் நடுவயது என்ன, எந்த விதியால் ஆவி வண்டிகள் நீக்கப்பட்டன என்ற ஆறையும் எழுதுங்கள். விடையை ஒரு தசம இடத்துக்கு மேல் தர வேண்டாம். மேலே பார்த்த ஊகங்களுக்குப் பிறகு இரண்டாவது தசம இடத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு முறையைத் திருத்த நேர்ந்தால், திருத்தும் ஆண்டுக்குப் பழைய முறையிலும் புதிய முறையிலும் இரு கணக்குகளைச் செய்து இரண்டையும் வெளியிட்டு, வரைபடத்தில் அந்த இடத்தில் கோட்டை முறித்துக் காட்டுங்கள். முடிந்தால் புதிய முறையைக் கடந்த சில ஆண்டுகளின் தரவுக்கும் பொருத்தி, தொடரைப் பின்னோக்கித் திருத்தி வைக்கலாம். அதற்கு ஒவ்வோர் ஆண்டின் பதிவேட்டுப் பிரதியையும் கணக்கு நாளில் இருந்தபடியே சேமித்து வைத்திருக்க வேண்டும், ஏனெனில் பதிவேடுகள் பழைய நிலையின் மேலேயே புதிய நிலையை எழுதிவிடுகின்றன.